ஆர்.சி. புக்கில் இல்லாத பெயர்

“வண்டி யாருதுங்கண்ணா?”

“நம்ம வண்டிதானுங்க தம்பி.”

ஓசூர் பக்கம் ஒரு குடோன் வாசலில், ராத்திரி பத்து மணிக்கு இப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது. லோடு ஏற்றி, தார்ப்பாய் போர்த்தி, கயிறு இறுக்கி முடித்த 12 சக்கர லாரி. முன் கண்ணாடிக்கு மேலே பெரிய எழுத்தில் ‘முருகன் துணை’. அதற்குக் கீழே இரண்டு குழந்தைகளின் பெயர்கள். “உங்க பசங்களாண்ணா?” என்றேன். சிரித்துவிட்டார். “அது மொதலாளியோட பேரப் பசங்க.” தன் பக்கத்துக் கதவைத் திறந்து, உள்புறம் கைப்பிடிக்குக் கீழே செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தார். பேனாவால் அழுத்தி அழுத்தி எழுதிய ஒரு பெண் பெயர். “இது நம்ம பாப்பா.”

ஆர்.சி. புக்கில் இருப்பது நாமக்கல்காரர் ஒருவரின் நிறுவனப் பெயர். அவருக்கு இதுபோல நாற்பது வண்டிகள். இவர் அங்கே சம்பளத்துக்கும் பேட்டாவுக்கும் ஓட்டுகிறவர். இந்த வண்டியில் ஆறாவது வருடம். நாமக்கல் வரை அவரோடு போவதாக ஏற்பாடு.

அந்த ‘நம்ம’ என்ற சொல்லைக் கவனித்துக்கொண்டே வந்தேன். சக ஓட்டுநரிடம் பேசும்போது ‘நம்ம வண்டி’. வழியில் மறித்துக் கேள்வி கேட்கும் அதிகாரியிடம், ‘ஓனர் வண்டிங்க சார், நான் கூலிக்கு ஓட்டறவன்’. பேட்டாவில் பிடித்தம் வந்த கதையைச் சொல்லும்போது அது ‘அவரு வண்டி’ ஆகிவிடுகிறது. ‘என் வண்டி’ என்று மட்டும் ஒரு தடவைகூட அவர் சொல்லவில்லை. என்னுடையது என்று உரிமை பேசாமலும் அவருடையது என்று கைகழுவாமலும் நிற்க இந்த மொழியில் ஒரு சொல் இருப்பது சௌகரியந்தான்.

கிளம்புவதற்கு முன் அவர் செய்த முதல் வேலை, ஜாக்கி லீவரை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தது. ஒவ்வொரு டயருக்கும் ஒரு தட்டு. முன்னால் நான்கு டயர்கள். பின்னால் ஜோடி ஜோடியாக எட்டு. வெளியே இருப்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம். உள்ளே மறைந்திருக்கும் நான்குதான் விஷயம். ஜோடியில் உள் டயர் காற்று இறங்கினால் பார்வைக்கு ஒன்றுமே தெரியாது; வெளி டயர் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். இரண்டு டயர் சுமக்க வேண்டிய பாரத்தை ஒன்றே சுமந்து, சூடேறி, நடுவழியில் வெடிக்கும். சில சமயம் தீயும் பிடிக்கும். காற்று சரியாக இருக்கும் டயரைத் தட்டினால் ‘டங்’ என்று லீவர் துள்ளித் திரும்புகிறது. குறைந்ததைத் தட்டினால் ‘தொப்’ என்று சத்தம் அங்கேயே செத்துப்போகிறது. பன்னிரண்டும் துள்ளின. பதின்மூன்றாவதாக ஸ்டெப்னிக்கும் ஒன்று போட்டார்.

பிறகு அடியில் குனிந்து, ஏர் டேங்கின் வடிகால் வால்வை இழுத்தார். புஸ்ஸென்று காற்றோடு கொஞ்சம் தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் வந்தன. பிரேக்குக்குப் போகும் காற்றில் ஈரம் தங்கினால் வால்வுகள் துருப்பிடிக்கும். சக்கரத்து நட்டுகளில் வெள்ளைப் பெயின்டால் கோடு இழுத்து வைத்திருக்கிறார். நட்டு லேசாகத் திரும்பியிருந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். இதில் எதற்கும் டிரிப் ஷீட்டில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடத்துக்கு யாரும் கூலி தருவதுமில்லை.

இந்த வேலையெல்லாம் ஒரு காலத்தில் கிளீனருடையது. லாரிக்கு இரண்டு பேர் என்பது சர்வசாதாரணமாக இருந்தது. கண்ணாடி துடைப்பது, டயர் தட்டுவது, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று கத்துவது, அடுப்பு மூட்டிச் சோறு வடிப்பது என்று ஐந்தாறு வருடம் அல்லல்பட்டவன்தான் பிறகு ஸ்டியரிங்கைத் தொடுவான். வண்டியை ஓட்டுவதற்கு முன்பே அதன் அடிவயிறு அவனுக்குத் தெரிந்திருக்கும். செலவு கட்டுப்படியாகவில்லை என்று பல முதலாளிகள் கிளீனரை நிறுத்திவிட்டார்கள். வருகிற பையன்களும் குறைந்துபோனார்கள். இன்று பெரும்பாலான வண்டிகளில் ஓட்டுநர் ஒண்டி ஆள். லைசென்ஸ் எடுத்து நேராக ஸ்டியரிங்கில் உட்காரும் புதுப் பையனுக்கு இந்த ‘டங்’ சத்தத்தைக் காதில் ஏற்றிவிட ஆள் இல்லை. ஓட்டுநர் பற்றாக்குறை என்று எல்லாரும் பேசுகிறோம். கிளீனர் என்ற பள்ளிக்கூடம் மூடப்பட்டதைப் பற்றித்தான் பேச்சே காணோம்.

படுக்கையின் நீளம் யார் கணக்கு?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்துக்கு லாரி புதிதல்ல. போர்வெல் ரிக் வண்டி என்றால் திருச்செங்கோடு. சமையல் எரிவாயு டேங்கர் என்றாலும் லாரி பாடி என்றாலும் நாமக்கல். இந்த ஊர்களின் முதலாளிகளில் கணிசமானோர் ஒரு காலத்தில் கிளீனராகவோ ஓட்டுநராகவோ இருந்தவர்கள். நடை முடிந்து வண்டி ஷெட்டுக்குள் நுழைந்ததும் புறங்கையால் சக்கரத்து ஹப்பைத் தொட்டுப் பார்க்கிற முதலாளியை ஏமாற்ற முடியாது. கை பொறுக்காத சூடு என்றால் பேரிங் போகிறது, இல்லையென்றால் பிரேக் ஒட்டிக்கொண்டு ஓடியிருக்கிறது.

முன்பு லாரி முழுசாக வராது. சென்னை எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955-இல் அசோக் லேலண்ட் ஆன நிறுவனம் 1980-இல் இதே ஓசூரிலும் ஆலை போட்டது. அங்கிருந்தும் டாடாவின் ஜாம்ஷெட்பூரிலிருந்தும் வெறும் சேசிஸாகத்தான் வண்டிகள் வரும். முகப்பு, எஞ்சின், ஒரு இருக்கை; தலைக்கு மேல் வானம். வெயிலிலும் மழையிலும் அதை ஓட்டிக்கொண்டு வருவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். நாமக்கல் பட்டறையில் அது வாரக்கணக்கில் நிற்கும். மரமும் தகடும் அடித்து பாடி கட்டுவார்கள்.

அந்த நாட்களில் வண்டிக்கு நியமிக்கப்பட்ட ஓட்டுநர் பட்டறையிலேயே பழி கிடப்பார். படுக்கை எவ்வளவு நீளம், சாமி படத்துக்குத் தட்டு எங்கே, ஸ்டவ் வைக்கிற பெட்டி எந்தப் பக்கம், தண்ணீர் கேன் எட்டுகிற உயரம் என்ன என்று ஆசாரியிடம் நின்று சொல்வார். பணம் முதலாளியுடையது, அளவு ஓட்டுநருடையது. ஆறடி ஆள் என்றால் கட்டில் ஆறடிக்கு இருக்கும். அந்த வண்டி பிறகு அவருக்குச் சொந்தமில்லை என்று யார் சொல்ல முடியும்? இப்போது கேபின் ஆலையிலிருந்தே கட்டி வருகிறது. விபத்தில் உயிர் காக்கும் என்ற வகையில் பழைய மரக் கேபினைவிட இது எவ்வளவோ மேல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அளவு கேட்க மட்டும் ஆளில்லாமல் போயிற்று. நான் போன வண்டியின் படுக்கையில் ஓட்டுநர் குறுக்காகத்தான் படுக்கிறார்.

அளவு சொல்ல முடியாதவர், அலங்காரத்தில் ஈடுகட்டிவிடுகிறார். கண்ணாடி ஓரத்துக் குஞ்சம், டேஷ்போர்டில் பச்சைத் துணி விரிப்பு, பிளாஸ்டிக் திராட்சைக் கொத்து, முருகனுக்கு ஒரு நீல பல்பு, சீட்டுக்கு மணிகள் கோத்த விரிப்பு, பக்கவாட்டில் சின்னதாக ஒரு காற்றாடி. எல்லாமே அவர் காசு. “மொதலாளிகிட்ட கேக்கலாமுல்லண்ணா?” என்றேன். “கேட்டா குடுப்பாரு. கேட்டு வாங்கினா அது அவரு போட்டதாயிருமுல்ல” என்றார். அந்தக் காற்றாடிக்கும் ஒரு கதை உண்டு. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி வகுத்திருக்கிறது. இவர் வண்டி அதற்கு முந்தையது. காலுக்குப் பக்கத்தில் எஞ்சின் கொதிக்க, சித்திரை வெயிலில் இன்னும் பல வருடத்துக்கு அந்தக் காற்றாடிதான் கதி.

ஒரு லிட்டருக்கு அரை கிலோமீட்டர்

ஓட்டுநரின் அக்கறைக்கு விலை என்ன என்று கேட்கிறவர்களுக்காக ஒரு கணக்கு. பாரம் ஏற்றிய பெரிய லாரி ஒன்று லிட்டருக்கு 3.5 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1 லட்சம் கிலோமீட்டர் ஓடினால் சுமார் 28,570 லிட்டர் டீசல். அதே வண்டி 4 கிலோமீட்டர் கொடுத்தால் 25,000 லிட்டர் போதும். வித்தியாசம் 3,570 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் 3 லட்சத்து 28 ஆயிரத்துக்கும் மேல். இந்த அரை கிலோமீட்டர் பெரும்பாலும் ஓட்டுநரின் வலது காலில்தான் இருக்கிறது. எந்த வேகத்தில் எந்த கியர், எவ்வளவு தூரத்திலேயே ஆக்சிலேட்டரை விடுகிறார், டயரில் காற்று எப்படி, டீ குடிக்க நிறுத்தினால் எஞ்சினை ஓடவிட்டுப் போகிறாரா என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அது.

எஞ்சினைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. கிருஷ்ணகிரி தாண்டி டீக்கடையில் நிறுத்தியவர், உடனே எஞ்சினை அணைக்கவில்லை. இரண்டு நிமிடம் அப்படியே ஓடவிட்டார். இப்போதுதானே சிக்கனம் பேசினோம் என்று பார்த்தேன். “டர்போ சூடா இருக்குமுங்க. சடார்னு நிறுத்துனா ஆயில் போறதும் நின்னுபோயிரும். பாவம்.” பாவம் என்றது டர்போவை.

இந்த அரை கிலோமீட்டருக்காக முதலாளிகள் மைலேஜ் இன்சென்டிவ் தருகிறார்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் மிச்சம் பிடித்தால் அதில் ஒரு பங்கு ஓட்டுநருக்கு. நியாயமான ஏற்பாடு மாதிரிதான் தெரிகிறது, தொப்பூர் வரும்வரை.

தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில், தொப்பூர் கணவாயில் சாலை வளைந்து வளைந்து இறங்குகிறது. இறக்கத்தில் கியரை எடுத்து நியூட்ரலில் விட்டால் டீசல் அதிகம் செலவாகாமல் வண்டி தானே உருளும். எஞ்சின் பிடித்து நிறுத்துகிற சக்தியும் அத்தோடு போய்விடும். மொத்தப் பாரமும் பிரேக் மேலேயே விழும். டிரம் பழுக்கக் காய்ந்ததும் பிரேக் பிடிக்காது. எஞ்சினையே அணைத்துவிடுகிற ஆட்களும் உண்டு. அணைத்தால் பிரேக்குக்குக் காற்று அடைக்கிற கம்ப்ரஸரும் நின்றுவிடும். மிதிக்க மிதிக்க இருக்கிற காற்றும் தீர்ந்துவிடும். 2020 டிசம்பரில் இந்த இறக்கத்தில் ஒரு லாரி, தேங்கி நின்ற பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் மீது மோதியதில் 4 பேர் இறந்தார்கள். நியூட்ரலில் இறங்காதே என்று எச்சரிக்கை செய்தபடிதான் இருக்கிறார்கள். இறங்குகிறவர்களும் இருந்தபடிதான் இருக்கிறார்கள்.

நாங்கள் தொப்பூரை நெருங்கும்போது மணி ஒன்றரை. மேட்டிலேயே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டார். வண்டி கனத்த குரலில் உறுமிக்கொண்டு, ஆள் ஓடுகிற வேகத்தில் இறங்கியது. எங்களைத் தாண்டி ஒரு டாரஸ் லாரி, எஞ்சின் சத்தமே இல்லாமல், டயர் உரசும் ஓசையோடு மட்டும் போனது. அதன் பின் விளக்கு வளைவில் மறையும்வரை இவர் எதுவும் பேசவில்லை. “லிட்டர் கணக்குப் பாத்தா அவனுக்கு ஒரு டீக் காசு மிஞ்சும்” என்றார் பிறகு.

மிச்சத்துக்குக் காசு கொடுக்கிற ஏற்பாடு, பத்திரத்துக்குக் காசு கொடுப்பதில்லை. வராத விபத்தை எந்தப் பில்லில் எழுதுவது? பொறுப்பான ஓட்டுநர் பல இடங்களில் மைலேஜ் பட்டியலில் நடுவில்தான் இருப்பார். முதலாளி பட்டியலை மட்டும் பார்க்கிறவர் என்றால், நல்ல ஆளை இழப்பார்.

ஆக்டிங் டிரைவர் வந்து போன வண்டி

அக்கறை எங்கே வளர்கிறது என்பதற்கு இவர் வைத்திருக்கும் பதில் ஒன்றுதான்: ஒரே ஆள், ஒரே வண்டி. ஊர்த் திருவிழாவுக்கு லீவு போட்டால் ஆக்டிங் டிரைவர் ஓட்டுவார். திரும்பி வந்து ஏறியதும் தெரிந்துவிடுமாம். சீட் தள்ளியிருக்கும், கண்ணாடி திரும்பியிருக்கும், முருகன் பல்பு அணைந்திருக்கும். அதைவிட, கிளட்ச் ஒரு விரற்கடை கீழே போயிருக்கும். “நாலு நாளுல நாலு மாசத்துத் தேய்மானம் தேச்சுட்டுப் போயிருவாங்க.”

இதற்கு நேர் எதிரான ஏற்பாட்டையும் இந்தியா பார்த்திருக்கிறது. குருகிராமில் 2014-இல் தொடங்கிய ரிவிகோ, அஞ்சல் ஓட்டம்போல லாரி ஓட்டியது. ஓட்டுநர் நாலைந்து மணி நேரம் ஓட்டி, ஓர் இடத்தில் வண்டியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, எதிர்த் திசையில் வரும் இன்னொரு வண்டியை ஓட்டிக்கொண்டு அன்றைக்கே வீடு திரும்புவார். லாரி நிற்காது, மனிதன் வீட்டில் தூங்குவான். அதன் எக்ஸ்பிரஸ் சரக்கு வணிகத்தை 2022-இல் மகிந்திரா லாஜிஸ்டிக்ஸ் வாங்கியது. யாருக்கும் சொந்தமில்லாத வண்டியை யார் தட்டிப் பார்ப்பார்கள் என்ற கேள்வி அந்த முறையில் எப்போதும் உண்டு. அதற்காக, பெண்டாட்டி பிள்ளையைவிட்டு மாதக்கணக்கில் ரோட்டில் கிடப்பதுதான் அக்கறையின் இலக்கணம் என்று என்னால் எழுத முடியாது. இவரிடமே கேட்டேன். வெகுநேரம் யோசித்தார். “ராத்திரி வீட்டுக்குப் போலாம்னா வேண்டாம்னு சொல்வனுங்களா? ஆனா கிளட்ச்ச எவன் தேச்சான்னு யாருகிட்டப் போய்ச் சண்டை போடறது?”

இன்னொரு வழியும் இருக்கிறது. விஜய் சங்கேஷ்வர் 1976-இல் ஒரே ஒரு லாரியோடு தொடங்கிய வி.ஆர்.எல்., இன்று சில ஆயிரம் சொந்த வண்டிகளோடு ஹூப்ளியில் தனக்கென்றே பணிமனையும் வைத்து நடத்துகிறது. அவ்வளவு பெரிய நிறுவனத்தில் தனித்தனி ஓட்டுநரின் காது மட்டும் போதாது. அட்டவணை வேண்டும், உதிரிபாகம் கையிருப்பு வேண்டும். நம் நாற்பது வண்டி முதலாளி இரண்டுக்கும் நடுவில் தத்தளிக்கிறார். நாற்பது ஓட்டுநர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிற கடைசி எண்ணிக்கை அதுவாகத்தான் இருக்கும்.

பி.எஸ்.6 என்ற புகை விதிப்படியான வண்டிகள் வந்தபின் இந்த உறவில் இன்னொரு விரிசல். 2020 ஏப்ரல் முதல் விற்கும் வண்டிகளுக்கு அது கட்டாயம். புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசல் ஊற்ற வேண்டும். அது தீர்ந்தால் வண்டி தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். முன்பு டீசல் லைனில் காற்றுப் புகுந்தால் ரோட்டோரத்தில் தானே பம்ப் அடித்துச் சரிசெய்தவர், இப்போது டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் கம்பெனிக்குப் போன் செய்துவிட்டுக் காத்திருக்கிறார். லேப்டாப்போடு வரும் பையன் அரை மணியில் சரிசெய்துவிடுகிறான், உண்மைதான். “என்ன கோளாறுன்னு அவன் எங்கிட்டச் சொல்றதில்லீங்க. மொதலாளிக்குத்தான் வாட்ஸப்ல அனுப்பறான்.” அன்று ராத்திரி முழுக்க அவர் குரலில் வருத்தம் தொனித்தது இந்த ஒரு இடத்தில்தான்.

அடிபட்ட கண்ணாடிக்கு பேட்டாவில் பிடித்தம் செய்ததைச் சொன்னபோதுகூடக் கோபந்தான் இருந்தது. குடோன் சந்தில் வேறொரு வண்டி உரசியதற்கு இவர் கணக்கில் கழித்திருக்கிறார்கள். ஆறு வருடத்தில் ரோட்டில் நின்றுபோகாத வண்டிக்குக் கிடைத்தது, ஆயுத பூஜையன்று ஒரு வேட்டி சட்டையும் ஒரு கவரும். ஆனாலும் அந்த ஆயுத பூஜையைச் சொல்லும்போது முகம் மலர்கிறது. நாற்பது வண்டிகளையும் கழுவி, வாழைக்கன்று கட்டி, சந்தனம் பூசி வரிசையாக நிறுத்தியதும் முதலாளி பூசணி உடைக்க வருவாராம். எந்த வண்டி பளிச்சென்று இருக்கிறது என்று ஓட்டுநர்களுக்குள் போட்டி. எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டியை ஓரடி முன்னால் நகர்த்துகிற உரிமை அந்த வண்டியின் ஓட்டுநருக்குத்தான். முதலாளி மகனே வந்து கேட்டாலும் சாவி கிடைக்காது.

சேலம் தாண்டி, நாமக்கல்லுக்குச் சற்று முன்னால் கடைசி டீ. விடியக் கொஞ்ச நேரம் இருந்தது. கடைக்கு எதிரே நாலைந்து லாரிகள். டம்ளரைக் கையில் வாங்கியவர், ஓர் ஓரத்தில் நின்ற பழைய லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். நீலப் பெயின்ட், கர்நாடகப் பதிவெண். டீயை என்னிடம் கொடுத்துவிட்டு அதன் பக்கவாட்டுக்குப் போய்க் குனிந்தார். ஏணியின் மூன்றாவது படியில் ஒரு வெல்டிங் வடு. இதற்கு முன் ஐந்து வருடம் இவர் ஓட்டிய வண்டி அது. முதலாளி விற்று, கை மாறி, நிறம் மாறி வந்து நிற்கிறது. கேபினில் முன்பின் தெரியாத ஒருவர் போர்வையோடு தூங்கிக்கொண்டிருந்தார்.

இவர் நம் வண்டிக்கு வந்து லீவரை எடுத்துக்கொண்டு திரும்பவும் அங்கே போனார். இருட்டில் ஒவ்வொன்றாகக் கேட்டது. டங். டங். டங். கடைசி அச்சில் இடது பக்கம் ஒரு ‘தொப்’. கேபின் கதவைத் தட்டி அந்த ஆளை எழுப்பினார். அவர் கன்னடத்தில் ஏதோ சலித்துக்கொண்டார். இவர் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் கையைக் காட்டிக் காட்டிப் பேசினார். திரும்பி வந்து, என் கையில் இருந்த டம்ளரை வாங்கினார். டீ ஆறியிருந்தது.

“உள் டயர்ல காத்து கம்மி. சொல்லிட்டு வந்தனுங்க” என்றார்.